கெட்ட ஈரல் மேடம்

ஆட்டுத்தொட்டியில் என் பெயர் அதுதான்.
விடிகாலை நாலேகாலுக்குப் புளியந்தோப்பில் வண்டியை நிறுத்தினால்
கேட்டுக்காரர் உள்ளே குரல் கொடுப்பார்:
"கெட்ட ஈரல் மேடம் வந்துட்டாங்கப்பா."

நல்லது கேட்டு வருகிறவர்கள்தான் ஊரெல்லாம்.
நான் கேட்பது
வெள்ளைக் கொப்புளம் விழுந்தது,
விரல் பட்டால் தண்ணீர்ப் பையாக அசைவது,
நாடாப்புழுவின் பிள்ளைகள்
உள்ளே மணலாய்ப் படிந்திருப்பது.
சம்சுகனி எடுத்து வைத்திருப்பார்
நீலக் கவரில் கட்டி, மேலே ஒரு செங்கல் ஏற்றி.
செங்கல் நாய்க்காக.

வேப்பேரிக்குக் கொண்டுபோய்
ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து, ஈரம் துடைத்து
கருவியின் கண்ணாடி வாயில் வைப்பேன்.
கண்ணுக்கு எட்டாத ஒளி,
சிவப்புக்கு அப்பால் ஒரு சிவப்பு.
கொழுப்பு ஓரிடத்தில் அதைக் குடிக்கும்,
புரதம் ஓரிடத்தில்.
தண்ணீர் போகிற இடமெல்லாம் குடிக்கும்.
ஆயிரத்து நானூற்றைம்பது நானோமீட்டரில் ஒரு பள்ளம்,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதில் ஒரு கிணறு.
புழுவின் பையில் தண்ணீர்,
ஈரலில் முக்கால்வாசி தண்ணீர்,
ஐப்பசி மாதத்துச் சென்னைக் காற்றிலும் தண்ணீர்.
நீலமாய் இருந்த சிலிக்கா மணிகள்
மத்தியானத்துக்குள் ரோஸ் ஆகிவிடுகின்றன.
தண்ணீருக்குள் தண்ணீரைத் தேடு என்று
எனக்கு உதவித்தொகை தருகிறார்கள்,
தந்தால்.

கருவிக்குத் தானாக எதுவும் தெரியாது.
இது கெட்டது, இது கெட்டது என்று
இருநூறு தடவை காட்டவேண்டும்.
எண்பத்து மூன்றில் நின்றுபோனேன்.
பங்குனியில் வந்ததெல்லாம் சுத்தமான ஆடுகள்.
லாரி லாரியாக,
பளபளவென்று காப்பிக்கொட்டை நிறத்தில் ஈரல்கள்.
"ஒண்ணுமே இல்லியா?"
குரலில் இருந்த ஏமாற்றம்
என் காதிலேயே விழுந்தது.
சம்சுகனி கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"நோய் வரலேன்னு அழற மொத டாக்டர் நீதாம்மா."

உயிரோட இருக்கும்போதே பாக்குமா இது, என்று ஒருநாள் கேட்டார்.
ஒரு கிடாயின் விலாவில் வைத்துக் காட்டினேன்.
மயிர் தெரிந்தது. தோல் தெரிந்தது.
அதற்குமேல் ஒளி
நாலைந்து மில்லிமீட்டர் நடந்து
தொலைந்துபோனது.
கிடா என் துப்பட்டாவை மெல்லப் பார்த்தது.
"அப்ப அறுத்தாத்தான் தெரியும்."
"அறுத்தாத்தான்."
"அது எனக்கே தெரியுமே."

அப்புறம் நூற்றி இருபத்தேழாவது மாதிரி.
ஒப்பிட்டுப் பார்க்க அவரே நல்லதென்று
பாதி நறுக்கித் தந்தது.
திரையில் கோடு லேசாக முதுகு வளைத்தது.
மூன்று முறை வைத்தேன், மூன்று முறையும் வளைந்தது.
கீறிப் பார்த்தால்
மேல்படலத்துக்கு அடியில்
அரிசியளவில், இன்னும் வெளுக்காத ஒன்று.
யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது.
ஆய்வகத்தில் ஏசி மட்டும் இருந்தது.

போன் போட்டேன்.
"மீதிப் பாதி என்ன பண்ணீங்க?"
"வறுத்துச் சாப்ட்டாச்சு. ஏன்?"
பயமில்லை, தின்றவருக்கு அது ஒட்டாது என்றேன்.
"ஓரத்துல நறுக்கிப் போட்டது?"
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம்
ஆடுகள் கத்துவது மட்டும் கேட்டது.
"நல்லதுதானேன்னு
செங்கல்லு வெக்கலம்மா."

நாயின் பெயர் மேனேஜர்.
மறுநாள் எடைமேடை அடியில் படுத்திருந்தது.
அதன் குடலில் என்ன நடக்கிறதென்று
எந்த அலைநீளமும் எனக்குச் சொல்லாது.
கையை நக்க எழுந்து வந்தது.
கையை இழுத்துக்கொண்டு
பையில் மாத்திரையைத் தேடினேன்.

அன்றைக்குத்தான் சம்சுகனியிடம்
முதல்முறையாக நல்ல ஈரல் கேட்டேன்.
நூறு கிராம்.
தராசில் சரியாக நிறுத்து
காசு வாங்கிக்கொண்டார்.