பன்னிரண்டாம் படி

கோட்கா துறைமுகத்தில் என் வேலை
தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில்.
கிரேன் கூண்டின் கண்ணாடித் தரைக்குக் கீழே கப்பல்,
கப்பலைச் சுற்றி உடைந்த பனிப்பாளங்கள்.
பத்தொன்பது வருடத்தில் ஒருநாளும்
எனக்குத் தலை சுற்றியதில்லை.

இந்தக் குதிரையின் முதுகு
என் மோவாய் உயரம்தான்.
ஏறி உட்கார்ந்ததும்
வயிற்றுக்குள் ஒரு கன்டெய்னர்
கொக்கியிலிருந்து நழுவுகிறது.

"மூச்சை விடு, ஹில்க்கா."
சைமிக்கு இருபத்தாறு வயது, என் மகனைவிடச் சின்னவள்.
குரல் மட்டும் கரகரத்த ஒலிபெருக்கி.
"விட்டேன்."
"விடவில்லை. டுய்ஸ்கு சொல்கிறாள்."
அந்தச் செம்பழுப்புப் பெண்குதிரை
ஒரு காதை மட்டும் பின்னால் திருப்பி
என்னைப் பற்றிக் கோள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜனவரி. வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
கூரையிட்ட களத்துக்குள் மணலும் விறைத்துக் கிடந்தது.
சுவரெங்கும் எழுத்துகள்: ஏ, கே, ஈ, ஹெச், சி.
எந்த அரிச்சுவடியிலும் இல்லாத வரிசை.
ஏன் இப்படி என்று கேட்டேன்.
"யாருக்கும் தெரியாது. குதிகாலை இறக்கு."

மேலே என் விரல்நுனி அசைந்தால்
முப்பது டன் அசையும்,
எதிர்க்கேள்வி கேட்காது.
இங்கே வலது வாரை இழுக்கிறேன்,
அவள் இடதுபக்கமாக யோசிக்கிறாள்.
"உன் கை கெஞ்சுகிறது, இடுப்பு மாட்டேன் என்கிறது.
எதை அவள் நம்புவது?"
என்னோடு வாழ்ந்து பிரிந்தவனும்
இதையேதான் கேட்டான், வேறு சொற்களில்.
சைமியிடம் அதைச் சொல்லவில்லை.

மார்ச்சில் விழுந்தேன்.
கூரையிலிருந்து பனி சரிந்த சத்தம்.
குதிரை ஓரடி தள்ளி நின்றது,
நான் அந்த ஓரடியில் இல்லை.
வாயெல்லாம் மணல்.
சைமி ஓடி வரவில்லை, நடந்து வந்தாள்.
"இன்றைக்கு என்ன கிழமை?"
"புதன். ஏன், பணம் தரவேண்டிய நாளா?"

விழுந்த கையோடு ஏறவேண்டும் என்பார்கள்.
அவள் ஏறவிடவில்லை.
என் தலைக்கவசத்தைக் கழற்றி
விரிசலை விரலால் தடவிப் பார்த்து
குப்பைத்தொட்டியில் போட்டாள்.
"டாக்டரைப் பார். புதுசு வாங்கு. அதுவரை வராதே."
டுய்ஸ்கு என் தோளில் மூக்கைத் தேய்த்தாள்.
மன்னிப்பு கேட்கிறாள் என்றேன்.
"அரிப்பு" என்றாள் சைமி.

மே மாதம் துறைமுகத்தில் விருந்தினர் நாள்.
"உன் குதிரையைக் காட்டு" என்று வந்து நின்றாள்.
இரும்பு ஏணியில் அவள் முன்னால், நான் கீழே.
பன்னிரண்டாம் படியில் நின்றுவிட்டாள்.
கம்பியைப் பற்றிய விரல்கணுக்கள் சுண்ணாம்பு நிறம்.
மூச்சை விடு என்று
நாக்குநுனிவரை வந்தது.
விழுங்கினேன்.
கடற்பறவைகளை எண்ணினேன். ஒன்பது.
பத்தாவது வரும் என்று பார்த்தேன், வரவில்லை.
"இறங்கலாமா?"
அவள் பூட்ஸ் படியைத் தேடித் துழாவும்போதெல்லாம்
கணுக்காலைப் பிடித்து அங்கே வைத்தேன்.
கீழே காப்பி, இலவங்கப்பட்டை ரொட்டி.
வானிலையைப் பற்றிப் பேசினோம்.

அடுத்த புதன்
என் அங்கவடிகளைக் கழற்றி எடுத்துக்கொண்டாள்.
வாரை முடிச்சிட்டுப் பிடரியில் போட்டாள்.
நீளக் கயிற்றின் மறுமுனை அவள் கையில்.
"கண்ணை மூடு. கைகளை விரி."

இருட்டு.
தோல், வியர்வை, ஈரக் கரிமண் வாசனை.
எனக்கடியில் ஒரு முதுகெலும்பு
அலைமேல் படகுபோல இல்லை,
எந்திரம்போலவும் இல்லை,
இடது, பிறகு வலது,
யாரோ தூக்கத்தில் மாவு பிசைவதுபோல.
"இப்போது எந்தக் கால்?"
"பின்னங்கால். இடது."
"ம்."

ஐந்து மாதத்தில்
திருத்தம் ஒட்டாமல் வந்த முதல் எழுத்து.
அதைச் சுற்றி ஒரு முழுவட்டம் போனோம்,
மூன்று பேரும்.

அப்புறம், "குதிகால்" என்றாள்.