பொருள்: தடுப்பூசியும் பிறவும்

அன்புள்ள பெற்றோர்க்கு என்று
இருபத்திரண்டு வருடமாகத் தொடங்குகிறேன்.
அன்பு ஏற்கெனவே அச்சில் இருக்கிறது,
மற்றதைத்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

ஒன்பதாம் எண் பேருந்து
திங்கள் முதல் ஆறு நிமிடம் முன்னால் வரும்.
நடுநிலைப் பள்ளிக் கூரை வசந்தம்வரை ஒழுகும்.
மேற்பார்வையாளர் அதை அடித்துவிட்டு
‘கவனிக்கப்பட்டு வருகிறது’ என்று எழுதினார்.
வியாழன் காலை ஒன்பது மணிக்கு
உடற்பயிற்சிக் கூடத்தில் தடுப்பூசி.
கட்டணம் இல்லை. சட்டைக்கை தளர்வாக இருக்கட்டும்.
படிவம் மறுபக்கம்.

தெற்கு டக்கோட்டாவில் நவம்பர் என்பது
ஜன்னலுக்கு வெளியே ஒரே ஒரு நிறம்.
அதன் ஊடே வந்து சேர்ந்தன படிவங்கள்,
பைகளின் அடியில் கசங்கி,
வாழைப்பழம் அப்பி,
ஒன்று நாயின் பல்தடத்தோடு.
இருநூற்றுப் பன்னிரண்டு சம்மதம்.
பதினொன்று வேண்டாம்.

பதினொன்றில் ஒன்று என் தங்கை ரோவீனாவுடையது.
காகிதம் கிழியும்படி அழுத்தியிருந்தாள்,
யார் கைக்கு வரும் என்று தெரிந்தே.
மார்ச் மாத வாரியக் கூட்டத்தில்
ஒலிவாங்கி முன் அவள் குரல் உடைந்தபோது
குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவள் நான்.
‘ஒரு பெற்றோர் கருத்துத் தெரிவித்தார்’
என்று எழுதினேன்.
இந்த நன்றி நாளுக்கு யார் வீட்டில் சாப்பாடு என்று
இன்னும் யாரும் யாரையும் கேட்கவில்லை.

ஒரு படிவத்தில் மட்டும் இரண்டு கட்டத்திலும் டிக்.
நான்காம் வகுப்பு, எ வா ஸே.
கரென் மொழிப் படிவம் அச்சகத்திலிருந்து
அடுத்த செவ்வாய்தான் வரும்.
வான்கோழி ஆலைக்குப் போன் செய்தேன்.
இடைவேளையில் வந்தாள் அம்மா,
வெள்ளை ரப்பர் பூட்ஸும் தலையில் வலையுமாக.
பத்து விரல் காட்டினாள், அப்புறம் இரண்டு.
அவ்வளவு நிமிடம்தான்.
மகள் நடுவில் நின்றாள்.

ஊசிக்கு ஆமாம்.
பிறகு இல்லை என்பது எதற்கு?
அம்மாவின் விரல் தாளின் அடியில் போய் நின்றது,
நானே பொடி எழுத்தில் சேர்த்த வரி:
செய்திமடலுக்குப் புகைப்படம் எடுக்கப்படலாம்.
அதற்குத் தனிக் கட்டம் போட எனக்குத் தோன்றவே இல்லை.
முகாமில் எதற்கும் முதலில் படம்தான் எடுப்பாங்களாம்,
என்றாள் மகள். அரிசிக்குக்கூட.
அம்மா இன்னும் ஏதோ சொன்னாள், நீளமாக.
அதை மகள் மொழிபெயர்க்கவில்லை.

வியாழனன்று பனிக்கட்டிச் சாலையில்
தொண்ணூறு மைல் ஓட்டி வந்தாள் நர்ஸ் ஓடெட் பெல்கார்டு.
மல்யுத்த அணித் தலைவன்
பஞ்சைப் பார்த்ததுமே சரிந்தான்.
எ வா ஸே கண்ணை மூடவில்லை,
கடைக்காரர் எடை போடுவதைக் கண்காணிப்பவள் மாதிரி
ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேண்டாம் பிள்ளைகள் அந்த ஒரு மணி நேரம்
நூலகத்தில் இருக்க வேண்டும் என்பது
நான் தட்டச்சு செய்த விதி.
ரோவீனாவின் மகன் ஆன்சல் அங்கிருந்து எழுந்து வந்து
முதுகால் கதவைத் தள்ளிப் பிடித்து
ஓடெட்டின் இரண்டாவது குளிர்பெட்டியைத் தூக்கினான்.
இதை எங்கே வைக்கட்டும், பெரியம்மா?
மார்ச்சுக்குப் பிறகு
அந்த வீட்டிலிருந்து எனக்கு வந்த முதல் வாக்கியம்.
மேசை மேல், என்றேன்.
வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

செய்திமடலுக்கு ஒரு படம் கேட்டார் மேற்பார்வையாளர்.
அடுக்கி வைத்த நாற்காலிகளை எடுத்துக் கொடுத்தேன்.

இன்றைய அறிவிப்பு இது.
அன்புள்ள பெற்றோர்க்கு,
ஒன்பதாம் எண் பேருந்து பழைய நேரத்துக்கே திரும்புகிறது.
படிவத்தில் இனி மூன்று கட்டங்கள்.
கூரை கவனிக்கப்பட்டு வருகிறது.
கூடத்து வாசலில் நீலக் கம்பளித் தொப்பி ஒன்று கிடைத்தது,
கையால் பின்னியது, ஓரத்தில் ஒரு தையல் தவறியிருக்கிறது.
அந்தத் தையல் யாருக்கு எப்போதும் தவறும் என்று
எனக்குத் தெரியும். அதை எழுதவில்லை.
உரியவர் அலுவலகத்தில் நேரில் பெற்றுக்கொள்ளலாம்.
ஐந்து மணிவரை இருப்பேன்.
இந்த வாரம் மட்டும், ஆறு வரை.