கதையில் ஒரு சிறு பிழை

ஆசிரியருக்கு,
உங்கள் கதையைச் சுன்னாகம் நூலகத்தில்
மின்விசிறி நின்றுபோன ஒரு மத்தியானம்
இரண்டு தரம் வாசித்தேன்.
சிறு பிழை ஒன்று இருக்கிறது.

பிறப்புப் பதிவுகாரர்
சிவப்பு மையால் அந்தப் பெயரை வெட்டினார் என்கிறீர்கள்.
சிவப்பில்லை. கறுநீலம்.
சதுரப் போத்தல். மூடி இறுகினால்
நான்தான் பல்லால் கடித்துத் திறப்பேன்.
நாக்கில் துரு மாதிரி ஒரு கசப்பு.

வெட்டுவதும் இல்லை.
வெட்டினால் கச்சேரிக்கு விளக்கம் எழுத வேண்டும்.
என் ஐயா துப்புரவான மனுசன்,
ஒரு கறை கிடையாது அவர் பதிவேட்டில்.
முதலிலேயே குறைத்துத்தான் எழுதுவார்.

உங்கள் கதையில் தகப்பன் அழுகிறான்.
நான் கண்டவர் அழவில்லை.
படலைக்கு வெளியே, வெயிலுக்குள்,
சால்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.
சுருட்டுப் பெட்டிக் கடதாசியில்
யாரிடமோ எழுதுவித்து வந்த பெயரைக்
கல்லின் மேல் வைத்துவிட்டுப் பின்னால் போனார்.
எடுத்துக்கொண்டு வருவது என் வேலை.
எனக்குப் பன்னிரண்டு வயது. நடந்தபடியே வாசித்தேன்:
மங்கையர்க்கரசி.

"இவ்வளவு நீட்டு ஏன்?
கூப்பிட வாயெல்லோ உளையும்"
என்றார் ஐயா, கதிரையை விட்டு எழும்பாமல்.
அந்த மனிதர் சிரித்தார்.
கடன் கொடுத்தவனுக்கு முன்னால் சிரிக்கிற சிரிப்பு.
"ஓம் நயினார், உங்கட விருப்பம்."
மை காயுமுன் ஒற்றுத்தாளை அமத்தினேன்.
மங்கி.
மூன்றெழுத்து.

என் பெயர் யோகாம்பிகைதேவி.
அதற்கு ஒருவர் வாயும் உளையவில்லை.

பத்து வருசம் கழித்து
ஐந்தாம் வகுப்பு இடாப்பில்
அந்த மூன்றெழுத்து என்னிடம் வந்தது.
இதை நீங்கள் எழுதவில்லை. எப்படி எழுதுவீர்கள்,
உங்கள் கதை பதிவுகாரரின் மேசையோடு முடிந்துவிடுகிறது.
ஒவ்வொரு காலையும் கூப்பிட்டேன்.
பெடியள் குரங்கு மாதிரி விலாவைச் சொறிந்து காட்டுவார்கள்.
பிரம்பால் மேசையில் தட்டினேன்.
அவ்வளவுதான் செய்தேன்.
சத்தம் அடங்கும்வரை காத்திருந்து எழும்பி
"உள்ளேன் ரீச்சர்" என்பாள்.
முழுப்பெயர் அந்த வகுப்பறையில்
எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பது
அவளுக்குத் தெரியாது.

ஊரெல்லாம் எழும்பி ஓடிய வருசம்
பதிவேடு எங்கே போனதோ.
திரும்பி வந்தபோது கூரை இல்லை, கதவு இல்லை,
அலுமாரி கவிழ்ந்து கிடந்தது.
அதற்குள் போத்தல் உடையாமல் இருந்தது.
அடியில் மை செதிலாகக் காய்ந்து ஒட்டியிருந்தது.
தண்ணீர் விட்டால் இன்னும் எழுதும்.
நேற்றுத்தான் விட்டுப் பார்த்தேன்.
இந்தக் கடிதத்தில் நீங்கள் பார்ப்பது அந்த நிறம்.

அடுத்த பதிப்பில் அதை மட்டும் திருத்துங்கள்.
மற்றதெல்லாம் சரி.

கீழே என் பெயர். முழுதாகத்தான் எழுதினேன்.
வரி கொள்ளாமல்
கடைசி இரண்டெழுத்து
அடுத்த வரிக்கு இறங்கிவிட்டது.