ஏழாம் கிணறு

காலை ஆறே காலுக்குக்
கடல் என் மேசைக்கு வந்துவிடும்,
ஒரு பக்க அறிக்கையாய்.
ஜாலான் அம்பாங்கில் விளக்குகள் இன்னும் அணைந்திராது.
முப்பத்தோராம் மாடியில் நானும்
குப்பைக்கூடை மாற்றும் ரொஸ்னாவும்தான்.

செனாங்கின் என்று வயலுக்குப் பெயர்.
சௌக்கிட் சந்தையில் அதே மீன்
கிலோ முப்பத்தெட்டு வெள்ளி.
வயல் என்கிறோம்; வரப்பில்லை.
திரங்கானுக் கரைக்கு அப்பால் இருநூறு கிலோமீட்டர்,
எழுபது மீட்டர் தண்ணீர்,
அதற்கும் அடியில், வெகு அடியில், மணற்கல்.
நான் கால் நனைத்த கடல்
போர்ட்டிக்சன் மட்டும்.

நான் யூபிஎஸ்ஆர் எழுதிய வருடம்
நாளுக்குத் தொண்ணூறாயிரம் பீப்பாய்.
இன்று ஒன்பதாயிரத்து நூறு.
பத்துப் பங்கு மேலேறினால்
ஒன்பது உப்புநீர்.

இருபத்தாறு கிணறுகள்,
சேமிப்புக் கப்பலுக்கு ஒரே குழாய்.
கலந்து வந்ததைப் பிரித்து
யார் எவ்வளவு தந்தார் என்று எழுதுவது என் பிழைப்பு.
எப்போதோ சோதித்த அளவுகளைக் கூட்டினால்
ஒரு தொகை வரும்.
கப்பலில் இருப்பது எப்போதும் குறைவு.
குறைந்ததை எல்லோர் தலையிலும்
ஒரே விகிதத்தில் வெட்டுவேன்.
நல்லது கெட்டது பார்ப்பதில்லை.
சூத்திரத்துக்குக் கண் கிடையாது.

டிசம்பர்க் காற்றில்
எண்ணெய் ஏற்ற வந்த கப்பல் அணைய முடியாமல் திரும்பியது.
தொட்டி நிரம்பியது. கிணறுகளை மூடினார்கள்.
ஆறு நாள் கழித்துத் திறந்தபோது
எல்லாம் ஓடுகிறது என்றார்கள்.
வெட்டு மூன்று விழுக்காட்டிலிருந்து ஆறானது.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை,
நான் உட்பட.

முப்பத்தெட்டாம் நாள்
ஹஸ்புல்லா மேடையிலிருந்து அழைத்தான்.
காற்றிரைச்சலில் பாதிச் சொல் பறந்தது.
"காக், ஏழு செத்துவிட்டது.
கீழே தண்ணீர் ஏறி அடைத்துக்கொண்டது.
திறந்த அன்றைக்கே, என்று நினைக்கிறேன்."

முப்பத்தெட்டு நாள்
செத்த கிணற்றின் பெயரில்
இருநூற்றுத் தொண்ணூற்றொரு பீப்பாய்
தினமும் எழுதியிருக்கிறேன்.
பக்கத்துக் கிணறுகளின் எண்ணெய் அது.

பழைய தாள்களைத் திறந்து
ஏழை எடுத்துவிட்டேன்.
வெட்டு மறுபடி மூன்று.
மொத்தம் மாறவில்லை,
ஒரு பீப்பாய்கூட.
மேலாளர் ஊய் அதைத்தான் முதலில் கேட்டார்.
மாறவில்லை என்றதும்
பசியாறப் போய்விட்டார்.

செந்தூலில் அம்மாவின் வங்கிப் புத்தகத்தில்
மாதம் முந்நூறு வெள்ளி விழுகிறது.
மூத்தவன் போடுவது என்று
மாடிப்படியில் எதிர்ப்படுகிற எல்லோரிடமும் சொல்வாள்.
எந்த வங்கி, எந்தக் கிளை,
ஒரு நாளும் கேட்டதில்லை.
ஜோகூருக்கு நாங்கள் யாரும்
சோதனைப் படகு அனுப்பவில்லை.

நாளைய தாளிலும் ஏழுக்கு ஒரு கட்டம் உண்டு.
வெறுமையாய் விட்டால் கணினி ஏற்காது,
சிவந்து நிற்கும்.
ஏதாவது ஓர் எண் கேட்கும்.