ஆண் மானோ, பெண் மானோ

ஒரு பிளட்டினாவில் நான்கு பேர் ஏறுவதற்கு
ஒரு முறை இருக்கிறது.
முதலில் சசிகரன்,
பெற்றோல் டாங்கியின் மேல் கபினயன்,
பின்னால் யதுஷா, அவளை நெரித்தபடி நான்.
இறங்குவது தலைகீழாக.
இடையில் யாருக்காவது மூத்திரம் வந்தால்
எல்லாம் முதலிலிருந்து.

அன்று தம்பலகாமத்துக்குப் புறப்பட்டோம்.
தவராசா மாமா பதினாலு மாதமாக
எங்களோடு கதைப்பதில்லை.
கபினயனின் முதலாவது பிறந்தநாளுக்குக்
கார்ட் கொண்டுபோய்க் கொடுக்காமல்
வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டோமாம்.
"நான் என்ன, போனுக்குள்ளேயோ குடியிருக்கிறன்?"
என்று பூமலர் மாமியிடம் கேட்டாராம்.
மாமி அதை வட்ஸ்அப்பில்தான் சொன்னா.

கோபக்காரர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா?
கோழிக்கூட்டு வாழைப்பழம் இரண்டு சீப்பு,
அரைக்கிலோ திராட்சை,
ஒரு பெட்டி மாரி பிஸ்கட்.
பையைக் கொழுக்கியில் மாட்டிவிட்டு
பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் பாமசியில்
காய்ச்சல் பாணி வாங்க இறங்கினோம்,
எல்லோரும், தலைகீழாக.

திரும்பி வந்தால்
எங்கள் மோட்டார் சைக்கிளில் முகம் புதைத்து
ஒரு புள்ளிமான்.
பழம் முடிந்து, பையைத் தின்றுகொண்டிருந்தது.
சசி கலைக்க, இரண்டடி தள்ளிப்போய்
கடன் கேட்க வந்தவரைப் பார்ப்பதுபோல்
அவரைப் பார்த்தது.
மிஞ்சியது பிஸ்கட் பெட்டி.
அதிலும் ஒரு மூலை ஈரம்.
பேர்ஸில் மிஞ்சியது பெற்றோல் காசு.

பாலையூற்று, கப்பல்துறை,
வழியெல்லாம் நான் பாடம் எடுத்தேன்:
"மானைப் பற்றி வாய் திறக்கக்கூடாது."
யதுஷா என் வயிற்றில் முதுகைச் சாய்த்துத்
தலையாட்டினாள்.
அந்தத் தலையாட்டலை நான் நம்பினேன்.

மாமா முற்றத்தில்
மருந்தடிக்கும் மெசினைக் கழற்றிப் பரப்பியிருந்தார்.
நிமிரவில்லை.
மாமிதான் "வாங்கோ, வாங்கோ" என்றா,
இரண்டு பேருக்கும் சேர்த்து.
ஈர மூலையை உள்ளங்கையால் மறைத்து
நான் பெட்டியை நீட்ட,
"அது மான் எச்சில்" என்றாள் என் மகள்.

கொஞ்ச நேரம்
வாத்துகள் மட்டும் கதைத்தன.

பிறகு, நட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்,
பதினாலு மாதத்தின் முதல் வார்த்தையாக:
"ஆண் மானோ, பெண் மானோ?"

யதுஷா இரண்டு கைகளையும் தலைமேல் விரித்துக்
கொம்பு காட்டினாள்.
"அவ்வளவு பெரிசோ?"
"இன்னும் பெரிசு."
மாமா ஸ்பானரை வைத்தார்.
பெட்டியை உடைத்து ஒரு பிஸ்கட் எடுத்து
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து
கடித்தார்.

மற்றதெல்லாம் சாப்பாடுதான்.
விரால் மீன் குழம்பு, முருங்கையிலைச் சுண்டல்.
கபினயன் வாத்தைத் துரத்தி வாய்க்காலில் விழுந்தான்;
மாமாவின் சாரத்தில் சுற்றிக் காயப்போட்டோம்.
கார்ட்டைப் பற்றி யாரும் எடுக்கவில்லை.
எடுத்திருக்க வேண்டுமோ,
இப்போதும் தெரியாது.

திரும்பும்போது ஐந்து பேர்.
ஐந்தாவது, ஒரு பூசணிக்காய்.
என் மடியில் தயிர்ச்சட்டி.
ரயில் கடவையில் கால்மணி நேரம் மறித்தார்கள்;
வந்தது வெறும் எஞ்சின்.
கபினயன் அதற்கும் கை காட்டினான்.
சட்டி சரிந்து முழங்கால்வரை வெள்ளை.
உட்துறைமுக வீதிக்கு வரும்போது
கப்பல் ஒன்றில் விளக்குப் போட்டார்கள்.
பார்க்க ஆளில்லை:
இரண்டு பேர் நித்திரை, ஒருவர் ஓட்டம்,
ஒருத்தி தயிர்.

வீட்டில் எண்ணிப் பார்த்தால்
கபினயனின் ஒரு செருப்பு இல்லை.

போன் சிணுங்கியது. மாமா.
வட்ஸ்அப்பில்.
ஒரு படம்: சேறு காய்ந்த குட்டிச் செருப்பு,
மூலையில் அவருடைய பாதிப் பெருவிரல்.
கீழே ஒரு குரல் பதிவு.
முதல் எட்டு விநாடி மூச்சு மட்டும்.
பிறகு,
"செருப்பு இஞ்சை கிடக்கு.
வாற கிழமை வாங்கோ.
இல்லாட்டிக் கார்ட் அடிச்சு அனுப்ப வேணுமோ?"

மற்றச் செருப்பை
மோட்டார் சைக்கிள் கொழுக்கியிலேயே
தொங்கவிட்டிருக்கிறேன், மறக்காமலிருக்க.
மான் செருப்புத் தின்னாது என்கிறாள் யதுஷா.
எனக்கு நிச்சயமில்லை.