மூன்று நிமிஷம்

ஜெசிந்தா,
போனில் பேசு என்கிறாய்.
இருபத்தாறு வருஷம்
ஊர்ப்பேச்சையெல்லாம் இணைத்துவிட்ட கை,
மூணு நிமிஷம் ஆனதும்
பிளக்கைப் பிடுங்கத் துடிக்கிறது.
அதனால்தான் இன்லேண்ட்.

ஓசூரிலிருந்து பெரியவன் வந்தான்.
சனி ராத்திரி வந்து
ஞாயிறு மத்தியானம் கிளம்பியாச்சு.
மருமகள் என் மொச்சைக் குழம்பை
இரண்டாம் தரம் ஊற்றிக்கொண்டாள்.
இதை உனக்கு எழுதணுமென்று
அவள் இலையைப் பார்த்தபடியே நினைத்தேன்.
பேரனுக்கு முன்பல் விழுந்துவிட்டது.
படத்திலிருக்கும் தாத்தாவைக் காட்டி
"இவருக்கு மட்டும் எல்லாப் பல்லும் இருக்கே"
என்று ஒரே சண்டை.

நாலு நாள் கழித்துத் தொடர்கிறேன், பேனா வேறு.
உன் அண்ணன் ஸ்கூட்டரை
எலெக்ட்ரீஷியன் பையனுக்குக் கொடுத்துவிட்டேன்.
நல்ல காரியம் என்றார்கள்.
நேற்று விளக்கு வைக்கிற நேரம்
தெருமுனையில் அதே இருமல்.
பால் அடுப்பில் இருக்க,
ஓடிப்போய் கேட்டைத் திறந்துவிட்டேன்.
பையன் நிறுத்தி, "என்னத்தை?" என்றான்.
"ஃபேன் ரெகுலேட்டரைக் கொஞ்சம் பாருப்பா."
நன்றாக இருந்ததைக்
கழற்றி மாட்டி
அறுபது ரூபாய் வாங்கிப்போனான்.
பாலும் பொங்கிப்போச்சு.
சிரிக்காதே.
சரி, சிரித்துக்கொள்.

பெரியகுளம் பஸ் ஆரப்பாளையத்தில் நிற்கும்,
கோச்சடைக்கு அங்கிருந்து ஆட்டோ.
வருகிற தேதியை மட்டும் எழுதாதே.
தேதி தெரிந்தால்
விடிந்ததிலிருந்து வாசலில் நிற்பேன்.
சும்மா வா.

பசை தடவும் ஓரத்தில் எழுதுகிறேன்,
பிரிக்கும்போது கிழித்துவிடாதே:
மொச்சை இன்னும் ஒரு படி இருக்கு.