பெயர் மாற்றத்துக்கான காரணம்

ஏழாவது கட்டம்.
'காரணம்' என்று அச்சடித்து
ஒன்றரை வரி விட்டிருக்கிறார்கள்.
பந்தலூர் நோட்டரியின் மேசையில்
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
தம்பி என்னைப் பார்க்கிறான்.
நீயே எழுதுக்கா.

என்ன எழுத.

சேரம்பாடி ஆஸ்பத்திரியில்
கொடி சுற்றிப் பிறந்தவன்.
விடியும்வரை அம்மாவோடு நின்ற கம்பவுண்டர்
பத்தேரிப் பக்கத்து மலையாளி.
அந்த நன்றிக்கு
அவர் பேரையே வைத்தார் அப்பா.
பிரபாகரன்.
எட்டு வருஷம்
அந்தப் பேரில் ஒரு குற்றமும் இல்லை.
கூப்பிட்டால் சோலைக்குள்ளிருந்து
கொய்யாக்காயோடு ஓடிவரும்.

அந்த மே மாதம்
கீழே சமவெளியில், ராத்திரிக் கூட்டத்தில்,
மாலைகளுக்கு நடுவே
அவரைக் கொன்றார்கள்.
எங்களுக்குக் காலை எடைக்குத்தான் தெரிந்தது.
கணக்குப்பிள்ளை தராசை நிறுத்தினார்.
பறித்த கொழுந்து சாக்கிலேயே சூடேறிச் சிவந்தது.
அம்மா அடுப்பு மூட்டவில்லை,
அந்தப் பிள்ளைகள் இனி என்ன செய்யும்
என்று அழுதபடியே கிடந்தாள்.
அப்பா குடைத்துணியைக் கிழித்து
லயத்து வாசலில் கறுப்புக்கொடி கட்டினார்.
வீட்டில் இருந்தது அந்த ஒரு குடை.

நான்காம் நாள் ஜீப்.
சிலோன்காரங்க எல்லாம் வெளிய வாங்க.
ரேஷன் கார்டு. கப்பலில் வந்த தேதி.
யாழ்ப்பாணத்தில் யாரைத் தெரியும்?
நாங்க தலவாக்கலை, ஐயா,
அங்கேயும் இதே தேயிலைதான்.
இன்ஸ்பெக்டரின் விரல்
அட்டையில் இறங்கி இறங்கி
நாலாவது பேரில் நின்றது.
யாருடா இது?
கூட்டத்தின் பின்னாலிருந்து
பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல்
"உள்ளேன் ஐயா" என்று
கை தூக்கினான் தம்பி.

ஒரு போலீஸ்காரர் சிரித்தார்.
இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.
கூடலூருக்கு ஏற்றிப்போன அப்பா
ஐந்து நாள் கழித்து நடந்து வந்தார்.
என்ன கேட்டார்கள் என்று
கடைசிவரை சொல்லவில்லை.
கம்பவுண்டர் சாட்சிக்குப் போனாராம்.
பேரைக் கேட்டதும்
அவரையும் உட்காரவைத்துவிட்டார்களாம்.

ஜூனில் பள்ளி திறந்தது.
தலைமையாசிரியர் லாரன்ஸ்
ரெஜிஸ்டரைப் பிளேடால் சுரண்டி
'பாஸ்கர்' என்று எழுதினார்.
ரெண்டுக்கும் அர்த்தம் சூரியன்தாம்மா,
ஒண்ணும் குறைஞ்சிடாது.
சுரண்டிய இடத்தில் தாள் மெலிந்து
அடுத்த பக்கத்துப் பிள்ளையின் பெயர்
மங்கலாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அம்மா
அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடவேயில்லை.
இந்தா, அடேய், அங்க யாரு.
எந்தச் சத்தத்துக்கும் திரும்பிப் பார்க்க
அவன் பழகிக்கொண்டான்.
நாற்பது தாண்டியும்
பஸ்ஸில் யாரோ யாரையோ அழைத்தால்
முதலில் திரும்புவது அவன்தான்.

கொடியை எப்போது அவிழ்ப்பது என்று
எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.
அவிழ்த்தால் தப்பாகிவிடுமோ என்று
அந்த மழைக்காலம் முழுக்க அதை விட்டுவைத்து,
தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு
மலைக்குப் போனார் அப்பா.
இருமல் அப்போது வந்ததுதான்.

குவைத்தில் லாரிக்கு ஆள் எடுக்கிறார்கள்.
பிறப்புச் சான்றில் ஒருவன்,
பள்ளிச் சான்றில் ஒருவன்,
இருவரும் ஒருவரே என்று
இருபது ரூபாய்ப் பத்திரத்தில்
சத்தியம் பண்ணவேண்டுமாம்.

டீ கொண்டுவந்த பையன் எட்டிப் பார்க்கிறான்.
"நியூமராலஜின்னு போடுங்கக்கா,
எல்லாரும் அதைத்தான் போடுறாங்க."

போட்டேன்.
ஒரு வரிகூட நிரம்பவில்லை.

கையெழுத்து எங்கே என்று
நோட்டரி விரலால் தட்டுகிறார்.
பேனாவைத் திறந்துவிட்டு
தம்பி மெதுவாகக் கேட்கிறான்:
"எந்தப் பேர்லக்கா?"